வெளியே போய்ச் சொல்லிவிட்டு வா

இதய டாக்டர் என்றால் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பவன் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் மேற்படிப்பு படித்தபோது முதல் வருஷம் முழுக்க நான் தொட்டது தொடையிடுக்கைத்தான். அப்போதெல்லாம் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போகும் பாதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பெரிய டாக்டர்கள் ஊசி குத்தி, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அடைப்பைப் பார்த்துச் சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்கள். குழாயை உருவிய பிறகு ரத்தம் பீறிடாமல் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்களைப் போன்ற புதியவர்களின் பாடு. கையை எடுக்கக் கூடாது. அழுத்தத்தைக் குறைக்கக் கூடாது. நோயாளி வெட்கத்தில் கூரையைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகும். அப்படியே நிற்க வேண்டியதுதான்.

மேஜையில் முதன்முதலாக ஒருவர் என் கண்முன்னால் இறந்தபோது நான் பேராசிரியருக்குப் பக்கத்தில் நின்று கம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையுறையைக் கழற்றினார். "வெளிய போய்ச் சொல்லிட்டு வாப்பா. அடுத்த கேஸை ஏத்தலாம்" என்றார். நல்ல மனுஷர்தான், கொடூரமானவர் இல்லை. எதுவானாலும் வராந்தாவில், சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய விதி. உள்ளே படுத்திருப்பவரிடம் "ஒண்ணுமில்ல, சரியாயிடும்" என்பதைத் தவிர வேறு பேச்சு கூடாது, பயந்தால் இதயம் இன்னும் கெடும். வெளியே இருப்பவர்களையோ முதலிலேயே நன்றாகப் பயமுறுத்தி வைத்துவிட வேண்டும். பிழைத்தால் நீ தெய்வம், போய்விட்டால் நீ முன்னாலேயே சொன்னவன். அதற்கென்று ஒரு வாக்கியமும் வைத்திருந்தார்: "கொஞ்சம் சீரியஸ்தான், எதுக்கும் ரெடியா இருங்க." நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு வராந்தாவில் ஒரு பெண் என் காலில் விழுந்து கதறினாள். அதன் பிறகு மெஸ்ஸில் போய்ச் சோறு தின்றேன். ருசியில் ஒரு குறைவும் தெரியவில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி. டாக்டர்கள் அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. முதலில் மெரினாவைக் காட்டினார்கள், பிறகு நாகப்பட்டினம், அப்புறம் எங்கள் மாவட்டத்துக் கடற்கரை. படகு ரோட்டில் கிடந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். நாங்கள் தக்கலைக்காரர்கள், எங்களுக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. "நமக்கு ஒண்ணும் இல்ல மக்கா. கரையிலதான் எல்லாம் போச்சு" என்றாள் அம்மா. சரி என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த கேஸுக்குப் போனேன். என் மாவட்டத்துக்காரர்கள் செத்துக் கிடக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்ததே ஒழிய, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

படிப்பை முடித்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில், இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கேத் லேப் வந்த புதிது. அதுவரைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு ஓடியவர்களில் பாதிப் பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். நான் வந்ததில் ஊருக்கு லாபம்தான், அதில் சந்தேகமில்லை. காலையில் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிற ஈய அங்கியை மாட்டினால் கழற்றும்போது முதுகு என்னுடையதாக இருக்காது. பேராசிரியரின் வாக்கியத்தை மட்டும் ஊர்ப்பேச்சுக்கு மாற்றிக்கொண்டேன்: "கொஞ்சம் சீரியஸாக்கும். எதுக்கும் ரெடியாட்டு இருங்க." ஒருநாள் சாப்பிடும்போது போன் வந்தது, ஒருவர் இறந்ததை அதிலேயே சொல்லி முடித்தேன். என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க எழவு சொல்லுததும் சாம்பாருல உப்பு இல்லண்ணு சொல்லுததும் ஒரே தொண்டையிலதான்" என்றாள். அன்றைக்கு சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் முற்பகல், இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஆட்டோவில் ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். தலைச்சுமையாக மீன் விற்பவர், ஐம்பதைத் தாண்டிய வயது. நெஞ்சு வேதனையை வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு, பெட்டியில் இருந்த மீனையும் விற்றுத் தீர்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விழுந்திருந்தார். ஈ.சி.ஜி.யைப் பார்த்தேன். இதயத்தின் முன்பக்கத்துப் பெரிய குழாய் முழுசாக அடைத்துக் கிடந்தது. உடனே கேத் லேபுக்குக் கொண்டுபோய்த் திறந்தாக வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க இதயத்தின் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே இருக்கும், செத்தது திரும்பி வராது.

வராந்தாவில் அவருடைய மகளும் பக்கத்து வீட்டுப் பெண்களும் நின்றார்கள். என் வாக்கியத்தைச் சொன்னேன். லேபை ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டு அங்கியைக் கட்டப் போனேன்.

எங்கள் தக்கலைப் பக்கத்து ஆட்களிடம் எதற்கும் தயாராக இருங்கள் என்றால் கல்ஃபில் இருக்கும் மச்சானுக்குப் போன் போடுவார்கள். அவன் இன்னொருவனுக்குப் போடுவான், அதற்குள் எனக்குத் தலை வெடித்துவிடும். கரையில் அப்படி இல்லை. ஆபத்து என்று டாக்டர் வாயால் கேட்டால் முதல் வேலை பாதிரியாரை, அவர்கள் பேச்சில் சாமியாரை, விளிப்பது, மற்றதெல்லாம் பிறகு. நான் திரும்பி வந்தபோது பக்கத்துக் கோயிலிலிருந்து சாமியார் வந்து எல்லாம் முடித்திருந்தார். அந்த அம்மாவின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் மினுங்கியது. அவர்கள் அதை அவஸ்தை என்கிறார்கள். சாகக் கிடப்பவர் பாவங்களையெல்லாம் சொல்லி முடித்த பிறகு பூசுவது. கூடவே நாக்கில் வைக்கிற அப்பத்துக்கு நன்மை என்று பெயர். நர்ஸ் கையெழுத்து வாங்கத் தாளை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா பேனாவைத் தொடவில்லை.

"டாக்டரே, ஒண்ணும் செய்யாண்டாம்" என்றார். "எனக்கு அவஸ்தை கெடச்சாச்சு. நன்மையும் வாங்கியாச்சு. இப்பம் போனா நேராட்டு மோட்சத்துக்குப் போயிருவேன்."

சாமியாருக்குத் தர்மசங்கடம். "அம்மா, இது சொவமாவதுக்கும் உள்ள எண்ணெயாக்கும், சாவுக்கு மட்டும் இல்ல" என்றார்.

"நீங்க சும்மா இரியுங்க சாமி. எங்க ஊருல இந்த எண்ணெயப் பூசி எழும்பினவன் எவன் உண்டு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. மற்றதெல்லாம் மரத்துப்போனாலும் கோபம் மட்டும் நல்ல உயிரோடுதான் இருந்தது. "அம்மா, நேரம் போவுது" என்றேன்.

"உங்களுக்குத்தான் நேரம் போவுது. எனக்கு நேரம் வந்தாச்சு."

மகள் அழுதுகொண்டே அவர் காலைப் பிடித்தாள். அந்த அம்மா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். மூச்சு வாங்கியது, வேர்வை ஊற்றியது, பேச்சு நிற்கவில்லை. "இவளுக்க அப்பன் சுனாமியில போனாரு. கரையில இருந்து வலை பிரிச்சிட்டு இருந்த மனுஷன். எல்லாரையும் ஒரே குழியிலயாக்கும் போட்டு மூடினாவ. எனக்க மோன் அந்தக் குழியில எறங்கி அப்பனைத் தேடினான். ஒரு சொட்டு எண்ணெ கெடைக்கல்ல அவருக்கு. ஒரு பாவத்தச் சொல்ல நேரம் கெடைக்கல்ல. எனக்கு கெடச்சிருக்கு. நீங்க என்னைப் பொழைக்க வச்சு, நான் பின்னயும் சந்தையில கெடந்து தூஷணம் விளிச்சு, கள்ளக் கணக்கு சொல்லி, ஒருநாளு ரோட்டுல சடுதியா விழுந்து செத்தா, அப்பம் எவன் வருவான் எண்ணெ கொண்டு?"

மருத்துவப் புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் கிடையாது. மானிட்டரில் துடிப்பு தாறுமாறாகத் தொடங்கியது.

"சடுதியா போமாட்டீங்க" என்றேன். "அதுக்குத்தான் இதைச் செய்யுதேன். மருந்து சாப்பிட்டு, நான் சொல்லும்ப வந்து காட்டினா, போவது பையத்தான் வரும். முன்னாலேயே தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுவியளா?"

"சொல்லுவேன்."

"யார்ட்ட? வெளிய வச்சு இவுளுவகிட்டயா? எனக்கிட்ட சொல்லணும். நேரம் ஆச்சுண்ணு எனக்க மூஞ்சியப் பாத்து சொல்லணும். மத்த டாக்டர்மாரு ஒண்ணும் சொல்லமாட்டாவ, எல்லாம் சொவமாவுமுண்ணு சொல்லிச் சொல்லியே குழியில தள்ளுவாவ."

"உங்ககிட்ட சொல்லுதேன்" என்றேன். அந்த நேரத்தில் அவர் கன்னியாகுமரிப் பாறையைக் கேட்டிருந்தாலும் தருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு வேண்டியது கையெழுத்து.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தையில் எடையைப் பார்க்கிற பார்வை. பிறகு பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டிப் பெயரைப் போட்டார்.

மேஜையில் அவருக்கு மயக்க மருந்து கிடையாது, குத்துகிற இடம் மட்டும்தான் மரக்கும். முழு நினைவோடு திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். குழாய்க்குள் மருந்து பாய்ந்து கிளைகள் கறுப்பாகத் தெரிந்தபோது, "அதென்ன, சாளை முள்ளு மாதிரி கெடக்கு?" என்று கேட்டார். உங்கள் இதயத்து ரத்தக்குழாய் என்றேன். "ஒரு பக்கம் முள்ளே இல்லியே." ஆமாம், அதுதான் அடைப்பு என்றேன். அந்த வழியாகக் கம்பியை நுழைத்து, பலூனை விரித்து, ஸ்டென்டை வைத்தேன். இல்லாத பக்கத்தில் முள் முளைத்தது. "கொள்ளாம்" என்றார், நல்ல மீனைப் பார்த்துச் சொல்வதுபோல. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன் சிரித்துவிட்டான். நான் சிரிக்க வேண்டிய இடம் என்பது புரிந்தது. சிரிப்பு வரவில்லை.

ஆனால் அவர் தாமதமாக வந்திருந்தார், வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார். தசையில் ஒரு பகுதி போனது போனதுதான். பலவீனமான இதயத்தோடு வீட்டுக்கு அனுப்பினேன்.

அதன் பிறகு ஒழுங்காக வந்து காட்டினார். முதல் தடவை ஒரு நெய்மீனை வாழையிலையில் பொதிந்துகொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தார். நாங்கள் சைவம் என்றேன். "ஏலே, மீன் திங்காம நீ எப்படி டாக்டரு ஆன?" என்று கேட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுத்தார். அன்றிலிருந்து டாக்டரே போய் மக்ளே ஆயிற்று, நீங்கள் போய் நீ ஆயிற்று. ஒவ்வொரு முறையும் நான் பார்த்து முடித்ததும் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "நேரம் ஆச்சா மக்ளே?" என்பார். "ஆவல்ல. போய் மீன் வித்துட்டு வாங்க" என்பேன். வெளியே காத்திருப்பவர்களுக்கு இது என்ன பேச்சு என்று புரியாது. எனக்கு அது ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல ஒரு வழக்கமாகிவிட்டது. இப்படியே வருஷங்கள் போயின. தொடையில் குத்துவதை நாங்கள் விட்டுவிட்டு மணிக்கட்டில் குத்தத் தொடங்கினோம். அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்க இப்போது ஆளே வேண்டாம், ஒரு பட்டையைக் கட்டிவிட்டால் போதும்.

பிறகு அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. மீன்பெட்டியைத் தலையில் ஏற்ற முடியவில்லை. பேருந்துப் படியில் ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் படுப்பார், தேறுவார், போவார். கடைசியாக வந்தபோது தேறவில்லை. சிறுநீர் போவது குறைந்துகொண்டே வந்தது. சொட்டுச் சொட்டாக ஏறிய மருந்துதான் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. காலையில் ரிசல்டுகளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அதிகம் போனால் ஒன்றிரண்டு நாள்.

வழக்கம்போல வராந்தாவுக்குப் போனேன். மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. செல்போனை என் கையில் தந்தாள். "அண்ணனாக்கும்" என்றாள். கல்ஃபில் அரபிக்காரனின் படகில் மீன் பிடிக்கிறவன், அப்பனைக் குழியில் தேடிய அதே மகன்.

"டாக்டரே, நான் டிக்கெட் போட்டாச்சு. நாளைக்குக் காலையில எறங்குதேன். அதுவரைக்கும் அம்மைட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். சாமியாரை உள்ள விடவே கூடாது. அந்த எண்ணெயக் கண்டா அவ கையைக் காலை விட்டுருவா, எனக்குத் தெரியும். மெஷினோ என்ன மயிரோ வச்சு நிறுத்துங்க. எனக்கு அம்மைய உயிரோட பாக்கணும். அப்பனத்தான் குழியில தேடியாச்சு."

சரி என்று சொன்னேனா, பார்க்கலாம் என்று சொன்னேனா, நினைவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தேன். "அண்ணன் சொல்லாண்டாமுங்கான். அம்மைக்கு நீங்க வாக்கு குடுத்திருக்கிய. நான் என்ன செய்ய?" என்றாள் மகள். அவளும் அதை மறக்கவில்லை.

உள்ளே போனேன். அந்த அம்மா கண்ணை மூடிக் கிடந்தார். நான் சொட்டு மருந்தின் வேகத்தைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது, சும்மா திருகிவிட்டு வெளியே வந்தேன். இன்னொரு முறை போனேன். ஆக்ஸிஜன் முகமூடியைச் சரிசெய்தேன், வந்துவிட்டேன். கண்ணைத் திறந்தவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மகன் சண்டைக்கு வருவான் என்கிற பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் உண்மையான சிக்கல் அதில்லை. எனக்கு அதைச் சொல்லத் தெரியாது. எத்தனையோ பேரின் சாவை வாய் கூசாமல் சொன்னவன், ஒருவரிடமும் அவருடைய சாவைச் சொன்னதில்லை. என் நாக்கு வராந்தாவுக்கு மட்டும்தான் பழகியிருந்தது. சவம், இவ்வளவு படித்து என்னத்துக்கு என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வார்டில் நான் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். நாடி பார்ப்பதுபோலத்தான் பிடித்தேன், வேறு மாதிரிப் பிடிக்கத் தெரியவில்லை.

"அம்மா, நேரம் ஆச்சு."

அவர் என்னைப் பார்த்தார். முகமூடியை விலக்கச் சொன்னார். "இன்னைக்கா?"

"இன்னைக்கு. இல்லண்ணா நாளைக்கு."

"செரி. விளி."

சாமியார் வந்தார். இளவயசுக்காரர், புதிதாக வந்தவர். திரையை இழுத்துவிட்டு நாங்கள் வெளியே நின்றோம். நெடுநேரம் ஆயிற்று. திரைக்கு உள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் தொடர்ந்து முணுமுணுவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மூச்சை வைத்துக்கொண்டு எப்படிப் பேசினார் என்று தெரியவில்லை. சாமியார் வெளியே வந்து, "டாக்டரை விளிக்காவ" என்றார்.

இனி ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். முதன்முதலில் வந்த அன்று அதைத்தானே சொன்னார். எல்லா மருந்தையும் குறைக்க மனதளவில் தயாராகிவிட்டேன்.

"மோன் எப்பம் வாறான்?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலையில."

"அது வரை நிக்குமா?"

இப்போது பொய் சொல்வதில் அர்த்தமில்லை. "இப்படியே விட்டா நிக்காது" என்றேன். "தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல மூச்சு குடுத்தா ஒருவேளை நிக்கும். போட்டா பேச முடியாது. கஷ்டமா இருக்கும். பிறகு அதை எடுக்க முடியாமலேயும் போவலாம்."

"எனக்குப் பேச இனி ஒண்ணும் இல்ல. எல்லாம் பேசியாச்சு." மூச்சு வாங்கினார். "அவன் அப்பனுக்க மூஞ்சியத் தேடி அந்தக் குழியில எத்தனை மூஞ்சியப் பெரட்டிப் பாத்தான் தெரியுமா மக்ளே? எனக்க மூஞ்சிய உசிரோட பாக்கட்டும். எனக்கு வேண்டியது கெடச்சாச்சு. இனி அவனுக்குள்ளது. குழாயோ கம்பியோ, போடு."

போட்டேன். கை பழகிய வேலை, தடங்கல் இல்லாமல் முடிந்தது.

மகன் திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்ஸியில் நேராக வந்தான். தோளில் பை அப்படியே கிடந்தது. மயக்க மருந்தைக் குறைக்கச் சொல்லியிருந்தேன். அந்த அம்மா கண்ணைத் திறந்தார். அவன் குனிந்து முகத்தை அவருக்கு நேராக வைத்தான். அவர் பார்த்துத் தீரட்டும் என்பதுபோல அப்படியே வைத்திருந்தான். அவருடைய கை எழும்பப் பார்த்தது. மகள் அதை எடுத்து அண்ணன் கன்னத்தில் வைத்தாள். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலத்துக்கு முன் எல்லாம் அடங்கிவிட்டது.

வராந்தாவில் நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவன்தான் கேட்டான்.

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

"சொல்லாண்டாமுண்ணு நான் சொன்னேன்லா?"

"சொன்னீங்க."

கடலில் கயிறு இழுத்த கை. டாக்டரை அடிப்பது இப்போது சாதாரணம். நான் சற்றுப் பின்னால் நகர்ந்தேன்.

"எண்ணெ?"

"பூசியாச்சு. அதுக்குப் பிறகுதான் குழாய் போட்டேன். அவங்கதான் போடச் சொன்னாங்க. நீங்க வந்து பாக்கணும்னு."

அவன் பையைக் கீழே வைத்தான். "அப்பனுக்கு ஒண்ணும் கெடைக்கல்ல டாக்டரே" என்றான். "அவருக்க மேல மண்ணு தள்ளினது ஜே.சி.பி.யாக்கும்." அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். எனக்கும் அழ வேண்டும்போல இருந்தது. முயன்று பார்த்தேன், வரவில்லை. அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவன் அழுகிற அழுகையில் என் கை குலுங்கிக்கொண்டே இருந்தது.